ஜீப்பிலக்கணம்

பாயிரம்

தொல்காப்பியம் அரங்கேறியபோது எதிரே உட்கார்ந்து குற்றம் குறை பார்த்தவர் அதங்கோட்டாசான். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கே அதங்கோடு என்ற ஊர் இன்றும் இருக்கிறது. அந்த ஆசான் இந்த ஊர்க்காரர்தான் என்பதில் மாவட்டத்தாருக்குச் சந்தேகம் கிடையாது. சந்தேகப்படுகிறவரை அவர்கள் மறுபடி வீட்டுக்கு அழைப்பதும் கிடையாது. பகடிக்கும் இங்கே பஞ்சமில்லை. தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ எழுதி ஊரைச் சிரிக்க வைத்தார். அதே பேனாவால் கல்வெட்டுகளை ஆராய்ந்து காந்தளூர்ச் சாலை பற்றியும் எழுதினார்.

இத்தனை பெருமை இருந்தும் ஒரு பெருங்குறை. ஜீப்புக்கு இலக்கணம் இல்லை.

குறையின் ஆழத்தை அறிய அதிக தூரம் போக வேண்டாம். நாகர்கோவில் வடசேரிப் பக்கம் படுதா போட்ட பழைய வண்டி ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் நிற்பவரிடம் கேட்க வேண்டும்.

“இது என்ன வண்டி?”

“ஜீப்பாக்கும்.”

“எந்தக் காலத்து ஜீப்?”

“பழைய ஜீப்பாக்கும்.”

‘ஆக்கும்’ என்ற இடைச்சொல் வந்து விழுந்த பிறகு இந்த மாவட்டத்தில் எந்த விசாரணையும் முன்னேறியதில்லை. பானை ஓட்டை வைத்துக் காலம் கணிக்கிறார்கள். எழுத்தின் வளைவை வைத்துக் கல்வெட்டு எந்த நூற்றாண்டு என்கிறார்கள். நாலு சக்கரமும் ஒரு முகமும் உள்ள வண்டிக்கு மட்டும் ‘பழைய’ என்ற ஒரே அடைமொழி போதுமா? போதாது என்று துணிந்ததால் இந்நூல் பிறந்தது.

நூற்பெயர்: ஜீப்பிலக்கணம். வழங்கும் எல்லை: கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய், மேற்கே களியக்காவிளை, வடக்கே மலை, தெற்கே கடல். யாப்பு: மூன்று அதிகாரம். கேட்போர்: டீக்கடையில் வேலையில்லாமல் நிற்கும் எவரும். பயன்: தெருவில் போகும் வண்டியைக் காட்டி வருஷம் சொல்லலாம்; மறுத்துப் பேச ஆள் இருக்காது.

எழுத்ததிகாரம்

ஜீப்பின் எழுத்து அதன் முகத்தில் இருக்கிறது. எனவே முதல் நூற்பா:

பல்லொன் பதாயின் பட்டா ளத்தது;
ஏழே யாயின் ஏரொடு வந்தது;
எண்ணா துரைப்போர் இளிவர லுறுமே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், ஜீப்பின் முன்புறத் தகட்டில் உள்ள பிளவுகளை எண்ணிக் காலம் அறியுமாறு உணர்த்துதல் நுதலிற்று. ‘பல்’ என்றது ஆகுபெயர். எண்ண வேண்டியது கம்பியை அல்ல, சந்தை. கம்பியை எண்ணுகிறவருக்கு ஒன்று குறைந்து எட்டும் ஆறும் வரும். அவர் மனம் உடைந்து இத்துறையை விட்டே போய்விடுவார். அப்படிப் போனவர்கள் உண்டு.

வரலாறு வருமாறு. 1940இல் அமெரிக்க ராணுவம் வேவு பார்க்க இலகுவான ஒரு நாலு சக்கர வண்டி வேண்டும் என்று 135 நிறுவனங்களுக்குக் கேட்டு எழுதியது. கொடுத்த கெடுவோ கல்யாண வீட்டுப் பந்தல்காரன்கூட ஒப்புக்கொள்ளாத கெடு. பதில் சொன்னவை பேன்டம், வில்லிஸ் ஓவர்லேண்ட் என்ற இரண்டே நிறுவனங்கள். ஃபோர்டு பிறகு வந்து சேர்ந்தது. கார்ல் பிராப்ஸ்ட் என்ற பொறியாளர் வரைந்த பேன்டம் வண்டி செப்டம்பரில் தயாராகிவிட்டது. ஆனால் பேன்டம் சிறிய கம்பெனி. ராணுவம் வரைபடத்தை மற்ற இருவருக்கும் காட்டியது. 1941இல் பெரிய ஆர்டர் வில்லிஸுக்குப் போனது. கூடவே அதே வண்டியைச் செய்யும் வேலை ஃபோர்டுக்கும் கிடைத்தது. பெண் பார்த்தவன் ஒருவன், தாலி கட்டியவன் இன்னொருவன், சாப்பிட்டுப் போனவன் மூன்றாமவன்.

வில்லிஸ் செய்த வண்டிக்கு எம்.பி. என்று பெயர். இது மக்களவைக்குப் போகாத எம்.பி.; தொகுதிப் பக்கம் அடிக்கடி வந்த எம்.பி. முதலில் வந்தவற்றின் முகத்தில் தட்டையான இரும்புப் பட்டைகளைப் பற்றவைத்திருந்தார்கள். பார்க்கப் பழைய சப்ஜெயில் ஜன்னல் போல இருக்கும். ஃபோர்டுக்காரர்கள் ஒரே தகட்டை அச்சில் அழுத்தி ஒன்பது பிளவு வெட்டினார்கள். எடை குறைவு, செலவும் குறைவு. 1942இல் வில்லிஸும் அதையே எடுத்துக்கொண்டது. ஆக, உலகம் முழுக்க வில்லிஸ் முகம் என்று கொண்டாடப்படுவது ஃபோர்டு வெட்டிய முகம்.

ஃபோர்டு செய்த வண்டிக்குப் பெயர் ஜி.பி.டபிள்யூ. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் தாய்க்கே வித்தியாசம் தெரியாது. ஆனால் ஃபோர்டு கம்பெனி தன் போல்ட்டுகளில்கூட ‘எஃப்’ என்று எழுத்துப் பொறித்தது. கல்யாணத்துக்குக் கொடுத்த பாத்திரத்தில் பெயர் வெட்டிய மாமனார் புத்தி இது. போல்ட் கழன்றுபோன வண்டியில் வேறு சான்று தேட வேண்டும். ரேடியேட்டருக்குக் கீழே குறுக்காகப் போகும் இரும்பு, உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ்; கவிழ்த்து வைத்த ஓடைபோல் இருந்தால் ஃபோர்டு. இதைச் சரிபார்க்க ஆய்வாளர் தரையில் மல்லாக்கப் படுக்க வேண்டும். சொந்தக்காரரிடம் அனுமதி பெற்றுவிட்டுப் படுப்பது நல்லது.

சண்டை முடிந்தது. உழவர் வாங்கட்டும் என்று 1945இல் வில்லிஸ் சி.ஜே. 2ஏ என்ற வண்டியைக் கொண்டுவந்தது. ‘சி.ஜே.’ என்றால் சிவிலியன் ஜீப். கலப்பை கட்டி உழலாம், ரம்பம் ஓட்டலாம், மூட்டை ஏற்றலாம் என்றெல்லாம் விளம்பரம். பட்டாளத்து வண்டியில் விளக்குகள் சிறியவை. கிரில்லுக்குள் பின்வாங்கி உட்கார்ந்திருக்கும். திருகைக் கழற்றி விளக்கைத் திருப்பினால் இன்ஜின்மேல் வெளிச்சம் விழும். ராத்திரியில் ரிப்பேர் பார்க்க அந்த ஏற்பாடு. சிவிலியனுக்கு விளக்குப் பெரிதாக வேண்டும். விளக்குப் பெருத்ததும் இடம் போதாமல் இரண்டு பல் விழுந்தது. ஒன்பது ஏழான கதை இதுதான். இன்றுவரை ஜீப் கம்பெனி பிடித்துத் தொங்கும் ஏழு என்ற புனித எண்ணுக்குக் காரணம் தத்துவம் அல்ல. விளக்குக்கு இடம் விட்டது.

முகத்தைப் பார்க்க முடியாமல் வண்டி சுவரைப் பார்த்து நின்றால்? பின்புறம் பார்க்க வேண்டும். பட்டாளத்து வண்டிக்குப் பின்பக்கம் திறக்காது. ஸ்டெப்னி அங்கே மாட்டியிருக்கும். சி.ஜே.க்குப் பின்கதவு உண்டு. ஸ்டெப்னி விலாப்புறம் போய்விடும். பெட்ரோல் ஊற்றுமிடமும் சான்று. பட்டாளத்து வண்டியில் டிரைவரை எழுப்பி, சீட்டைத் தூக்கித்தான் ஊற்ற முடியும். சிவிலியனை எழுப்ப முடியாது என்பதால் சி.ஜே.யில் மூடி வெளியே வந்தது.

அடுத்த நூற்பா:

கண்ணிரண் டாயின் முன்னது; ஒன்றெனின்
நாற்பத் தொன்பதின் பின்னது, மூக்கு
மேலெழின் மூன்றின் பீயென மொழிப.

‘கண்’ என்றது முன் கண்ணாடி. நடுவில் கம்பி ஓடி இரண்டு துண்டாக இருந்தால் எம்.பி. அல்லது 2ஏ. ஒரே பலகையாக இருந்தால் 1949இல் வந்த சி.ஜே. 3ஏ, அல்லது அதற்குப் பின். பானட் தூக்கி, நெற்றிவரை மூக்கு ஏறினால் 1953இல் வந்த சி.ஜே. 3பி. இந்தத் தூக்கலுக்கும் காரணம் அழகு அல்ல. பழைய ‘கோ டெவில்’ இன்ஜினில் வால்வுகள் எல்லாம் பக்கவாட்டில், பிளாக்கிலேயே இருந்தன. புதிய ‘ஹரிக்கேன்’ இன்ஜினில் காற்று நுழையும் வால்வுகள் மேலே, ஹெட்டுக்கு ஏறின. கொள்ளளவு பழையபடியே 134 கன அங்குலம். உயரம் மட்டும் கூடிவிட்டது. இன்ஜின் வளர்ந்தால் பானட் வளரத்தானே வேண்டும்? தலைக்கு ஏற்ற தலைப்பாகை. நாஞ்சில் நாட்டார் ‘ஜீப்பு’ என்றதும் மனத்தில் காண்பது இந்தத் தூக்கிய மூக்கைத்தான்.

இனி வருவது எழுத்ததிகாரத்தின் உச்சம்.

உடலும் உயிரும் ஒருவயிற் றனவாய்
ஓடுதல் அரிதே ஜீப்பின் கண்ணே.

தமிழில் உயிரும் மெய்யும் சேர்ந்தால் உயிர்மெய். ஜீப்பில் உயிர் இன்ஜின், மெய் பாடி. இரண்டும் ஒரே பிரசவத்தில் பிறந்து இன்றும் சேர்ந்தே வாழும் வண்டியைக் காண்பது அரிது என்பது இதன் பொருள். பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் உயிர் மாற்றும் வேலை ஊர்தோறும் நடந்தது. மகிந்திராவே தன் வண்டிகளில் டீசல் வைத்தது, எம்.எம். 540இல் இருந்தது பிரான்ஸின் பெஜோ எக்ஸ்.டி.பி. குடும்பத்து இன்ஜின். அதுவரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் மெட்டடார் வேன் இன்ஜினை இறக்கி ஏற்றினார்கள். அமெரிக்க உடம்பு, ஐரோப்பிய உயிர், நாகர்கோவில் தகரம், கேரளத்துப் படுதா. இப்படி ஒன்றுக்கு ‘எந்த வருஷம்?’ என்று கேட்பது, ஏழு தலைமுறை கைமாறிய ஏட்டுச்சுவடியில் எந்த எழுத்து முதல் எழுதியவருடையது என்று கேட்பது போல.

ஆனாலும் இலக்கணம் தளராது. புணர்ச்சியில் விகாரம் மூன்று, ஜீப்பிலும் மூன்று. தோன்றல்: முன்பு இல்லாத மஞ்சள் விளக்கு, முட்டுக்கம்பி, பின்பக்க ஏணி தோன்றுதல். திரிதல்: பெட்ரோல் டீசலாகத் திரிதல், ஆறு வோல்ட் பன்னிரண்டாகத் திரிதல். கெடுதல்: சைலன்சர் கெடுதல், ஃபோர் வீல் கம்பி பிடுங்கப்பட்டு அந்த ஓட்டையில் வெற்றிலைச் செல்லம் வைத்தல். காலையில் இன்ஜின் ஒரு மாத்திரைக்குப் பதில் அரை மாத்திரை ஒலித்து நின்றுவிடுவது குற்றியலுகரம். ஹாரன் அமுக்கியதும் நிற்காமல் ஒலிப்பது அளபெடை. இவற்றுக்கு விதி தேவையில்லை, எலக்ட்ரீஷியன் தேவை.

அளவும் எழுத்தில் அடங்கும். எம்.பி. முதல் 3பி வரை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம். பதினெட்டு அங்குலம் ஒரு முழம் என்று கொண்டால் நாலரை முழத்துக்கு ஓர் அங்குலம் குறைவு. தோவாளைப் பூக்காரர் முழம் போட்டால் கணக்கு மாறும். அது ஆய்வின் பிழை ஆகாது.

சொல்லதிகாரம்

‘ஜீப்’ இடுகுறிப் பெயரா, காரணப் பெயரா? புலவர்கள் இரண்டு கட்சி.

காரணப் பெயர்க் கட்சியார், ஃபோர்டு தன் மாதிரி வண்டிக்கு இட்ட ‘ஜி.பி.’ என்ற குறியீடே மருவி ஜீப் ஆயிற்று என்பர். ‘ஜி’ அரசாங்க வண்டி என்பதற்கு. ‘பி’ மேலே சொன்ன 80 அங்குலத்துக்கு ஃபோர்டு வைத்த அடையாளம். இடுகுறிக் கட்சியார், பாப்பாய் சித்திரக்கதையில் 1936இல் வந்த ‘யூஜின் தி ஜீப்’ என்ற மாய மிருகத்தைக் காட்டுவர். அது சுவர் ஏறும், நினைத்த இடத்துக்குப் போகும். அமெரிக்கச் சிப்பாய்கள் புதிதாக வந்த எந்த வண்டியையும் ஜீப் என்று கேலியாக அழைத்ததும் உண்டு. 1941 பிப்ரவரியில் வில்லிஸ் ஓட்டுநர் ஒருவர் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிக்கட்டில் வண்டியை ஏற்றிக் காட்டினார், ‘இது என்ன?’ என்ற கேள்விக்கு ‘இது ஜீப்’ என்றார், பத்திரிகையில் வந்தது, பெயர் நின்றது. அவரும் ‘ஆக்கும்’ சேர்த்திருப்பார் என்று நாஞ்சில் நாட்டு உரைகாரர் கருதுவது ஆதாரமற்றது.

1950இல் அந்தச் சொல்லை வில்லிஸ் தன் வணிகப் பெயராகப் பதிந்துகொண்டது. பிறகு பெயருக்கு வாய்த்த எஜமானர்களை எண்ணினால் ஆர்.சி. புத்தகத்தில் இடம் போதாது. 1953இல் கெய்சர், 1970இல் அமெரிக்கன் மோட்டார்ஸ், 1987இல் கிரைஸ்லர், நடுவில் டைம்லர், அப்புறம் ஃபியட், 2021இலிருந்து ஸ்டெல்லாண்டிஸ். இதைக் கேட்டு வேறு மாவட்டத்தார் வியக்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்தார் வியக்க மாட்டார்கள். அவர்கள் ஊரே திருவிதாங்கூரில் இருந்தது. 1949இல் திருவிதாங்கூர்-கொச்சி ஆனது. 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு மாறியது. 1969இல் அந்த மாநிலமே தமிழ்நாடு என்று பெயர் மாற்றிக்கொண்டது. சேஸ் ஒன்று, ஆர்.சி. புத்தகம் நாலு.

இந்தியக் கிளையின் கதையும் சொல்லதிகாரத்துக்கே உரியது. 1945இல் ‘மகிந்திரா அண்ட் முகமது’ என்ற பெயரில் கம்பெனி தொடங்கியது. பங்குதாரர் குலாம் முகமது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் போனார். அங்கே முதல் நிதியமைச்சர் ஆனார், 1951இல் கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948இல் பெயர்ப் பலகை ‘மகிந்திரா அண்ட் மகிந்திரா’ ஆயிற்று. இலக்கணத்தில் இதற்கு அடுக்குத்தொடர் என்று பெயர். அதே காலத்தில் கம்பெனி வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது. போகப்போக உதிரிபாகங்களையும் இங்கேயே செய்தது. அமெரிக்காவில் சி.ஜே. 3பி 1968இல் நின்றுபோனது. இங்கே அந்த மூக்கு நிற்கவில்லை. வேறு வேறு எண்களோடு, வேறு வேறு உயிர்களோடு அடுத்த நூற்றாண்டுவரை ஓடியது. அமெரிக்கர்கள் தொலைத்த பாடத்தை இந்தியப் பிரதி காப்பாற்றிவிட்டது. பதிப்பாசிரியர்கள் இப்படித்தான் தொலைதூர ஊர்ச் சுவடியில் மூலபாடத்தைக் கண்டெடுப்பார்கள்.

அதன் விளைவு வேடிக்கையானது. மகிந்திரா 2018இல் அந்தப் பழைய உருவத்தை ‘ராக்ஸர்’ என்று பெயரிட்டு அமெரிக்காவுக்கே கொண்டுபோனது. ஜீப்பின் அன்றைய எஜமானரான ஃபியட் கிரைஸ்லர், ‘இது எங்கள் வண்டி மாதிரியே இருக்கிறது’ என்று அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையத்தில் முறையிட்டது. 2020 ஜூனில் ராக்ஸருக்குத் தடை விழுந்தது. முகத்தை மாற்றிய பிறகு அந்த டிசம்பரில் வழி திறந்தது. தாத்தா வீட்டுக்குப் போன பேரனை, தாத்தா ஜாடையில் இருக்கிறாய் என்று படியில் நிறுத்தி, முகச்சவரம் செய்துகொண்டு வரச்சொன்ன வழக்கு இது.

அடுத்து, போலி. இலக்கணத்தில் முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என்று மூன்று. முன்பக்கம் ஜீப்பையொத்து வருவது முதற்போலி: 1985இல் வந்த மாருதி ஜிப்சி. அதன் பூர்வீகம் ஜப்பான், சுசூகி வகையறா. உருவமும் உத்தியோகமும் ஒத்து, வம்சம் மட்டும் வேறாக இருப்பது இடைப்போலி: ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையின் ‘ஜோங்கா’. அதன் பூர்வீகமும் ஜப்பான், நிசான் வகையறா. கடைசியில் வந்து சேர்ந்து எல்லாரையும் ஏமாற்றுவது கடைப்போலி: 2010இல் வந்து 2020இல் புத்துருக் கொண்ட ‘தார்’. இது வம்சத்தால் மெய், வசதியால் போலி என்பது பழைய டிரைவர்கள் கொள்கை. உள்ளே ஏ.சி. உள்ளதை ஜீப் என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை.

சொல்லதிகாரத்தின் பெரிய முரண் இனிமேல்தான். ‘ஜீப்’ என்று நெற்றியில் எழுதிக்கொண்டு அந்தக் கம்பெனியே 2016இல் இந்தியாவுக்குள் வந்தது. 2017 முதல் புனே அருகே ரஞ்சன்காவில் ‘காம்பஸ்’ வண்டியைச் செய்கிறது. ஏழு பல், பதிவு பெற்ற பெயர், சட்டப்படியான வாரிசு. அது செட்டிக்குளம் சந்திப்பைக் கடந்தால் நாஞ்சில் நாட்டார் என்ன சொல்கிறார்கள்? ‘நல்ல காரு.’ பின்னாலேயே பெயரோ பல்லோ இல்லாத, நாலு ஊர்த் தகரம் சேர்ந்த ஒன்று புகை கக்கி வந்தால்? ‘ஜீப்பாக்கும்.’ ஆக நூற்பா:

எழுதிய பெயரை ஏற்கார், எழுதாப்
பெயரே வழங்கும் பெருமலை நாடே.

பொருளதிகாரம்

இந்த மாவட்டத்தில் ஐந்திணையில் நான்கு உண்டு என்பது மேடைகளில் தவறாமல் வரும் பேச்சு. ஜீப்பைக் கொண்டு நோக்கினால் ஐந்தும் உண்டு.

குறிஞ்சி ஜீப்பின் ஊர் கீரிப்பாறை, மாறாமலை, பாலமோர் எஸ்டேட்டுகள். முதற்பொருள் மலைப்பாதையும் விடிகாலையும்; கருப்பொருள் ரப்பர் ஷீட், ஒட்டுப்பால், கிராம்பு. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பு இந்த மலைகளில் விளைவது. கிராம்பு மூட்டை ஏற்றிய வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் காணலாம். ஒட்டுப்பால் ஏற்றிய வண்டியையும் அப்படியே காணலாம். ஆனால் மூக்கையும் மூடிக்கொள்ள நேரும், அப்போது அடையாளம் தப்பும். இத்திணை ஜீப்பின் ஸ்பிரிங் பட்டை ஒன்று கூடுதலாக இருக்கும். ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் சக்கரத்தடியில் வைக்க ஒரு கல் இருக்கும். கல் வண்டியோடு பயணம் செய்யும்.

முல்லை ஜீப் வனத்துறையுடையது. 1984இல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களும் இந்தக் காட்டோரத்தில் உண்டு. உரிப்பொருள் இருத்தல்: ரேஞ்சர் வரும்வரை வண்டியில் இருத்தல்.

மருத ஜீப் நீர்வளத் துறையுடையது. 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையிலிருந்து கால்வாய்க்குத் தண்ணீர் விட்டார்களா என்று கரைமேல் போய்ப் பார்த்து வருவது அதன் வேலை. கடைமடைக்குத் தண்ணீர் வராத ஆண்டில் கரையோரத்து விவசாயிகள் அதைச் சூழ்ந்துகொள்வார்கள். உரிப்பொருள் ஊடல்.

நெய்தல் ஜீப்பைக் கணிப்பது எளிது. உப்புக் காற்றில் கீழ்த் தகரம் பூவாகிவிடும். கால் வைக்கும் இடத்தில் ரோடு தெரிந்தால் அது கடற்கரை வண்டி. உரிப்பொருள் இரங்கல், இரங்குபவர் சொந்தக்காரர்.

பாலை இல்லை என்பவர் ஆரல்வாய்மொழியைத் தாண்டி முப்பந்தலில் நின்று பார்க்கட்டும். காற்றாலைகளுக்கு நடுவே படுதா இறக்கிய ஜீப் போனால் படுதா முதலில் ஊர் சேரும், வண்டி பின்னால் வரும். உரிப்பொருள் பிரிதல்.

புறத்திணையில் முதலில் வருவது போலீஸ் ஜீப். ‘ஜீப்பு வருது’ என்றால் போலீஸ் வருகிறது என்று பொருள், இடவாகுபெயர். அடுத்தது, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு யுனிசெஃப் வழங்கிய ஜீப், அதைக் கண்டதும் பிள்ளைகள் ஊசி என்று ஓடும், இது கருவியாகுபெயர். மூன்றாவது தேர்தல் ஜீப். சுதந்திர இந்தியாவில் முதலில் பேர் எடுத்த ஊழல் புகாரும் ஜீப் பற்றியதே: 1948இல் லண்டனில் இந்திய ஹைகமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் ராணுவத்துக்காக ஏறத்தாழ 80 லட்ச ரூபாய்க்கு ஜீப் வாங்கச் செய்த ஒப்பந்தம். 1955இல் அரசு அந்த விவகாரத்தை மூடியது. ஆள்வோரைக் கவிழ்க்கவும் கரையேற்றவும் வல்ல வண்டி என்பதால் இது வாகைக்கும் காஞ்சிக்கும் பொது.

களஆய்வு

நூலை எழுதி முடித்த ஆய்வாளர், அதைச் சோதித்துப் பார்க்க நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு ஒர்க்ஷாப்புக்குப் போனார். மாமரத்தடியில் ஒரு ஜீப் நின்றது. நம்பர் பலகையில் டி.என். 74. தலைமை மெக்கானிக்கைப் பையன்கள் ‘ஆசான்’ என்று கூப்பிட்டார்கள். அதங்கோட்டு மரபு அறுந்துபோகவில்லை என்று ஆய்வாளர் முதல் குறிப்பை எழுதினார்.

பல் எண்ண முடியவில்லை. கிரில்லின் மேல் கொசுவலைக் கம்பி அடித்து, ‘குருசடி துணை’ என்ற ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மூக்கு தூக்கல். ஆனால் முன் கண்ணாடி இரண்டு துண்டு; நடுக்கம்பி புதிதாகப் பற்றவைத்தது. விலாவில் ஸ்டெப்னி, பின்பக்கமும் இன்னொரு ஸ்டெப்னி. பெட்ரோல் மூடி வெளியே இருந்தது. திறந்தால் உள்ளே குழாய் இல்லை, பீடிக்கட்டு இருந்தது. ஆய்வாளர் கதவோரத்துப் பெயின்ட்டை நகத்தால் சுரண்டினார். மேலே வெள்ளை. அடியில் நீலம். அதற்கும் அடியில் பச்சை, பிறகு காக்கி, பிறகு செங்காவி. அகழாய்வுக் குழி போல ஐந்து மண்ணடுக்கு.

“ஆசானே, இது எந்த வருஷத்து வண்டி?”

ஆசான் கையை வேஸ்ட் துணியில் துடைத்தார். “சேஸா, பாடியா, இஞ்சினா, புக்கா? எதைக் கேக்குதிய?”

“எல்லாம்தான்.”

“அப்பம் நாலு வருஷம் சொல்லணும் சாரே. கியர்பாக்ஸையும் சேத்தா அஞ்சு.”

“மொத்தத்தில் என்ன வண்டி?”

ஆசான் அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். “ஜீப்பாக்கும். வேற என்னவாக்கும்?”

அதற்குள் டிரைவர் ஏறி உட்கார்ந்து செல்ஃப் அடித்தார். குற்றியலுகரம். மறுபடியும் குற்றியலுகரம். “எழுதினது மதி சாரே,” என்றார் ஆசான், “பொறத்தால வந்து ஒரு கை குடுங்க.”

ஆய்வாளர் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, இரண்டு பையன்களுக்கு நடுவே நின்று, பின் தகட்டில் உள்ளங்கையைப் பதித்தார். தகடு வெயிலில் சுட்டது. பட்டி பூசி நிரவிய தகரத்துக்குள் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. எழுத்து! பெயர் பொறித்த பழைய பின்கதவைத்தான் ஆசான் வெட்டி இங்கே வைத்து அடைத்திருக்க வேண்டும். ஆய்வாளர் தள்ளிக்கொண்டே விரலால் தடவினார். நாலு கோடு, மூன்று முனை. சந்தேகமே இல்லை, ஆங்கில ‘டபிள்யூ’. வில்லிஸ்!

“ஆசானே, இந்தத் தகரம்…”

“அதுவா? அளவு கொள்ளல்ல. தலைகீழாப் போட்டாக்கும் வெல்டு வச்சேன்.”

தலைகீழ் என்றால் அது ‘எம்’. மகிந்திரா. அடுத்த எழுத்தைத் தடவினால் முடிவு தெரிந்துவிடும். ஆய்வாளர் விரலை ஓர் அங்குலம் நகர்த்தினார். டிரைவர் கிளட்சை விட்டார், இன்ஜின் பிடித்தது, புகை வந்து முகத்தில் அடித்தது, தகடு கையைவிட்டு நழுவி, பார்வதிபுரம் ரோட்டில் ஏறித் திரும்பிற்று.